மீளும் நோயும் அயரா அன்பும்

உடலைப் பற்றும் நோய்கள் இருவகைப்படும். வந்து வருத்தி நீங்குவன ஒருவகை. நீங்கியபின்னும் 'மீண்டும் வருமோ' என்று உடையாரைக் காத்திருக்கச் செய்வன மற்றொருவகை. சிறுநீர்ப்பையில் தோன்றும் புற்றுநோய் பெரும்பாலும் இரண்டாம் வகையினது.

இந்நோயுற்றாருள் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர்க்கு, அது பையின் தசையைத் துளையாது உட்படலத்தளவில் நிற்கும்போதே வெளிப்படுகின்றது. வலியின்றிச் சிறுநீரிற் குருதி காணுதலே பெரும்பான்மையும் முதற்குறி. மருத்துவர் சிறுநீர் வழியே நோக்குகுழாய் செலுத்திக் கட்டியைச் சுரண்டி எடுப்பர். எடுத்த இடத்திலோ பிறிதோரிடத்திலோ அது மீண்டும் முளைத்தல் கூடும். ஆதலின் மூன்று திங்களில் மறுபடியும் குழாய் செலுத்திப் பார்ப்பர். பின்னர் நோயின் தன்மைக்கேற்பச் சில திங்களுக்கு ஒருமுறையோ ஆண்டுக்கு ஒருமுறையோ, பல ஆண்டுகள் பார்த்துவருவர். முளைத்திருப்பின் மீண்டும் சத்திரசிகிச்சை. கடுமையான வகையாயின், காசநோய்த் தடுப்புக்கென ஆக்கப்பட்ட பி.சி.ஜி. மருந்தை வாரம் ஒருமுறையாக ஆறு வாரம் பையினுள் செலுத்துவர். இம்முறையின் பயன் 1976-இல் முதன்முதல் வெளியிடப்பட்டது.

இவ்வாறு காலந்தோறும் சோதனைக்குச் செல்லும் சைவ அன்பர் உள்ளத்தில் ஒரு வினா எழும். 'திருவதிகையில் அப்பரடிகட்குச் சூலை அப்பொழுதே தீர்ந்தது. நீறணிந்து ஐந்தெழுத்தோதும் அடியேனுக்கு மட்டும் நோய் மீளுதல் என்னை? அன்பின் குறைவோ? வினையின் மிகுதியோ?' என்பதே அது. கட்டியை அகற்றுதல் மருத்துவர் கடன். இவ்வையத்தை அகற்றுதல் சாத்திரத்தின் கடன்.

முதற்கண் வினையைப்பற்றி ஆராய்வாம். நுகர்வன யாவும் பிராரத்தத்தின்பாற்பட்டன என்பது சித்தாந்தத் துணிபே. ஆயின், எவ்வினை எப்பயனாய் வந்ததென்று அறிபவனும் கூட்டுபவனும் இறைவன் ஒருவனே. சிற்றறிவினதாகிய உயிர்க்கு அவ்வறிவு இல்லை. ஆகவே, நோயாளரை நோக்கி 'இது நீர் செய்த பாவம்' என்பார் தமக்குரியதல்லாத இறைவன் தொழிலைக் கவர்ந்தவராவர். இந்நோய்க்குப் புறக்காரணங்களும் உள. புகையிலைப் புகையே அவற்றுட் பெரிது. 1895-இல் ரேன் என்னும் ஜெர்மன் மருத்துவர், சாயத் தொழிற்சாலையிற் பணிபுரிந்தாரிடத்து இந்நோய் கண்டு உரைத்தார். வயிற்றுப்பாட்டிற்கு உழைத்ததன்றி அத்தொழிலாளர் செய்த பிழை யாது? புகையே பழகாதாரும் இந்நோய் எய்துதல் உண்டு. முக்கூடல் முதலிய பொருநைக்கரையூர்களிற் பீடி சுற்றுதல் பலர்க்கு வாழ்வளிக்கும் தொழில். ஆயினும் புகைத்தலை விடுக என்று இளைஞர்க்குக் கூறுதல் அறமேயாம். அதனை வருமுன் கூறுதல் அருள். வந்தபின் குத்திக்காட்டுதல் கொடுமை.

'வினை நுகர்ந்தே தீரவேண்டுமாயின், மீண்டும் மீண்டும் மருந்தை நாடுதல் எற்றுக்கு?' எனின், கூறுதும். உடலும் கருவிகளும் உயிர் மலநீக்கம் பெறுதற்பொருட்டு இறைவன் தந்தவை. தந்ததனைப் பேணாமை தந்தவனை மதியாமையாகும். நோயாளர், மருத்துவர், மருந்து, உடனிருந்து பேணுவோர் என்னும் நான்கனையும் ஒருங்கே எண்ணினார் திருவள்ளுவர். அந்நான்கும் அருள் வரும் வாயில்களே.

நோய் மீளுதல் அருளின்மைக்கு அடையாளமன்று என்பதற்கு அண்மைக் காலத்துச் சான்றொன்றுண்டு. திருவண்ணாமலையில் வாழ்ந்த இரமண மகரிஷிகளின் இடக்கையிற் புற்றுக்கட்டி தோன்றியது. 1949-ஆம் ஆண்டிலேயே நான்குமுறை சத்திரசிகிச்சை நிகழ்ந்தது. ஒவ்வொருமுறையும் அது மீண்டது. கையையே துணிக்கலாமென்ற யோசனைக்கு அவர் உடன்பட்டிலர். ஏனைச் சிகிச்சைகளை மறுத்திலர். அன்பர்க்குக் காட்சியளித்தலையும் நிறுத்திலர். 1950 ஏப்ரல் 14-இல் உடல் நீங்கினார். உடலிற் கட்டி மீண்டதனால் அவரது நிலை குறைவுற்றதென்று கூறத் துணிவார் யார்?

இனி, அப்பரடிகள் வரலாற்றையும் முழுமையாக நோக்குதல் வேண்டும். சூலை தீர்ந்த அளவில் அவர்க்கு இடர் தீர்ந்ததில்லை. நீற்றறையும், நஞ்சும், யானையும், கல்லும் பின்னரே வந்தன. அவர் வாழ்நாளெல்லாம் கைக்கொண்ட பணியோ உழவாரம். திருக்கோயில் முற்றத்துப் புல்லைச் செதுக்குவார். மழை பெய்தால் அது மீண்டும் முளைக்கும். முளைக்குமென்பதை அவர் அறியாதாரல்லர். அதனால் நேற்றைய பணி வீணாயிற்றென்று உழவாரத்தை எறிந்தாருமல்லர். சிறுநீர்ப்பையிற் கட்டியைச் சுரண்டும் மருத்துவரும், அதற்கு உடல் கொடுத்துக் கிடக்கும் நோயாளரும், இறைவன் உறையும் உடம்பாகிய ஆலயத்தில் உழவாரமே புரிகின்றனர்.

உயிர்நோயின் இயல்பும் இத்தகையதே. சிவஞானபோதத்தின் பன்னிரண்டாஞ் சூத்திரம், மெய்ஞ்ஞானம் பெற்றார்க்கும் மலத்தைக் கழுவுதலும், அடியாரோடு கூடுதலும், திருவேடமும் ஆலயமும் தொழுதலும் வேண்டுமென விதிக்கின்றது. பொருநை பாயும் விக்கிரமசிங்கபுரத்தில் தோன்றி 1785-இல் சிவபதம் எய்திய மாதவச் சிவஞான முனிவர் மாபாடியம் இயற்றி விளக்கிய நூலன்றோ அது! சீவன்முத்தர்க்கே 'இனிக் காவல் வேண்டா' என்று நூல் கூறவில்லையாயின், காவலோடு வாழும் வாழ்வு குறைவாழ்வு ஆகுமாறு யாங்ஙனம்?

ஈண்டுக் காவலையும் அச்சத்தையும் பிரித்தறிதல் இன்றியமையாதது. காவல் உரிய நாளில் உரியது செய்து, எஞ்சிய நாட்களை இறைபணிக்கு விடுவிக்கும். அச்சமோ சோதனை நாளுக்கு முன்னுள்ள நாட்களையெல்லாம் தின்றுவிடும். நெல்லையன்பர் இதனைக் குறுக்குத்துறை முருகன் திருக்கோயிலிற் கண்கூடாகக் காணலாம். பொருநையில் வெள்ளம் பெருகுமென்று கண்டால் உற்சவமூர்த்தியை மேலக்கோயிலுக்கு எழுந்தருளச் செய்வர். மூலவர் நீரினுள்ளே நிற்பார். 2023 டிசம்பர் பெருவெள்ளத்திலும் கோயில் மூழ்கிற்று. நீர் வடிந்ததும் சேற்றைக் கழுவி, விளக்கேற்றிப் பூசை தொடங்குவர். 'அடுத்த ஆண்டும் வெள்ளம் வருமே' என்று பூசையை விட்டாரும் இலர். 'முருகன் காப்பான்' என்று ஆற்றைப் பாராதிருந்தாரும் இலர்.

ஆதலின் அன்பர் குறித்த நாளிற் சோதனைக்குச் செல்லுக. சிறுநீரிற் குருதி காணின் நாணாது அன்றே உரைக்க. சுற்றத்தார் உடன் செல்லுக. முடிவு நன்றாயினும் தீதாயினும் அன்று மாலை விளக்கேற்றி ஐந்தெழுத்தோதுதல் ஒழியற்க. நோய் மீளுதல் உடலின் இயல்பு. அன்பு அயராமை உயிரின் கடன். 'நோய் மீண்டது, ஆதலின் அருள் இல்லை' என்னும் ஐயம் மீளுந்தோறும், அதனையும் உழவாரங்கொண்டு செதுக்குக.

திருச்சிற்றம்பலம்.