தானத்திற்கு இலக்கு குறிக்கலாமோ?

ஓர் ஊரில் கைங்கர்ய ஸபை ஒன்று கூடுகிறது எனக் கொள்வோம். உத்ஸவத்திற்கும், ததீயாராதனத்திற்கும், வேத பாடசாலைக்கும் பொருள் தேவைப்படுகிறது. இளைஞர் ஒருவர் எழுந்து, "சென்ற ஆண்டு 200 பேர் உபயம் அளித்தார்கள். இவ்வாண்டு 300 பேர் என்று இலக்கு வைத்து அனைவரும் உழைக்க வேண்டும்" என்கிறார். அதைக் கேட்ட முதியவர் ஒருவர், "பெருமாள் காரியத்திற்குக் கடைக்காரரைப் போல் இலக்கு வைப்பதா? கொடுப்பவன் தன் பாக்யத்தால் கொடுக்கிறான், அதற்குக் கணக்கு ஏது?" என்று வருந்துகிறார். இருவரும் ஆஸ்திகர்களே, இருவரும் கைங்கர்யம் குறைவற நடக்க வேண்டும் என்று விரும்புகிறவர்களே. ஆயினும் இருவர் கூற்றும் ஒன்றையொன்று மறுக்கின்றன. இவற்றுள் எது தர்மத்திற்கு இசைந்தது என்பது ஆராயத்தக்க விஷயம். தவறான இலக்கினால் கொடுப்பவன் உள்ளம் நோகும். கணக்கே இல்லாமற் போனாலோ பெறுகிறவன் வயிறு வாடும்.

பூர்வபக்ஷம்

முதியவர் கட்சிக்குச் சாஸ்திர பலம் மிகுதியாகவே உண்டு. ஸ்ரீமத் பகவத் கீதை பதினேழாம் அத்யாயத்தில் தானம் மூவகையாகப் பிரிக்கப்படுகிறது. கைம்மாறு கருதாமல், தகுந்த இடத்தில், தகுந்த காலத்தில், தகுந்த பாத்ரத்திற்கு அளிப்பது ஸாத்த்விகம். பலனை எதிர்நோக்கியோ, மனம் நொந்தோ அளிப்பது ராஜஸம். இடமும் காலமும் பாத்ரமும் பாராமல் அவமதித்து அளிப்பது தாமஸம். வசூலுக்குச் செல்பவர் கையில் ஒரு தொகை இலக்காகக் கொடுக்கப்பட்டால் என்ன நிகழ்கிறது? அவர் பத்துப் பேர் முன்னிலையில் ஒருவரைக் கேட்கிறார். இல்லை என்று சொல்லக் கூசி, அம்மனிதர் மனம் நொந்து கொடுக்கிறார். ஸபையின் கணக்கில் ஒரு ரசீது கூடுகிறது. ஸாத்த்விகமாக மலர்ந்திருக்க வேண்டிய ஒரு தானம் ராஜஸமாக இழிகிறது. அந்த இழிவிற்குக் காரணம் கேட்டவரே.

மஹாபாரதத்து ஆச்வமேதிக பர்வத்தில் வரும் கீரியின் கதையும் முதியவருக்கே துணை நிற்பதாகத் தோன்றும். உஞ்சவிருத்தியால் ஜீவித்த ஓர் ஏழை அந்தணர், மனைவி, மகன், மருமகள் ஆகிய நால்வர், பஞ்ச காலத்தில் அரிதாகக் கிடைத்த ஒரு ப்ரஸ்தம் மாவைப் பங்கிட்டு உண்ண அமர்ந்தனர். அவ்வேளையில் அதிதி ஒருவர் வந்தார். ஒவ்வொருவரும் தம் பங்கை அவருக்கே அளித்துவிட்டனர். அங்குச் சிந்திய மாவில் புரண்ட கீரியின் உடல் பாதி பொன்னாயிற்று. மறு பாதியும் பொன்னாகும் என்று எண்ணி, அது யுதிஷ்டிரருடைய அச்வமேத யாகசாலைக்கு வந்து புரண்டது. கோடிக்கணக்கில் வாரி வழங்கப்பட்ட அவ்விடத்தில் அதன் உடல் மாறவில்லை. தானத்தின் பெருமை தொகையில் இல்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

முன்னோர் கணக்கு

இவ்வளவு இருந்தும், முன்னோர் கணக்கை வெறுத்தவர் அல்லர். திருக்கோயில் சுவர்களைப் பார்த்தாலே இது விளங்கும். சோழர் காலத்தில் நுந்தாவிளக்கு ஒன்று எரிக்க ஆடுகள் விடப்பட்டன. தஞ்சைக் கல்வெட்டுகளில் ஒரு விளக்கிற்கு 96 ஆடுகள். வேறு பல ஊர்களில் 90. அவற்றை ஏற்ற இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். அவ்வாடுகளுக்குச் சாவா மூவாப் பேராடு என்று பெயர். ஆடுகள் இறக்காமலும் மூப்படையாமலும் இருக்கும் என்பது இதன் பொருளன்று. முதிர்ந்தவற்றின் இடத்தைக் குட்டிகளால் நிரப்பி, எண் என்றும் குறையாதபடி காக்க வேண்டும் என்பதே கருத்து. அளவிடத்தக்க இலக்கு என்று இக்காலத்தார் கூறுவது இதுவே அன்றோ?

காஞ்சிக்கு அண்மையில், பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில், வேங்கடேசப் பெருமாள் ஸந்நிதியில் பதினோராம் நூற்றாண்டில் வீரராஜேந்திர சோழன் காலத்தில் பொறிக்கப்பட்ட சாஸனம் புகழ்பெற்றது. அங்கிருந்த ஆதுலர் சாலையில் 15 படுக்கைகள். மருத்துவர், சல்லியக்கிரியை செய்பவர், மூலிகை கொணர்பவர், பணிப்பெண்கள் எனப் பணி வாரியாக ஆட்கள். சேமித்து வைக்க வேண்டிய மருந்துகளின் பட்டியல் என யாவும் கல்லில் உள்ளன. எண்ணாயிரத்துச் சாஸனம் ராஜேந்திர சோழன் காலத்தது. அங்குப் பயின்ற இளைய மாணவர் 270, மேல்நிலை மாணவர் 70, ஆசிரியர் 14 என்று அது வகுத்துக் கூறுகிறது.

இக்கணக்குகளில் ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. கல்லில் எழுதப்பட்ட எண் கொடுப்பவனைக் கட்டுப்படுத்தவில்லை; தானத்தை ஏற்றவனையே கட்டுப்படுத்தியது. இனி எத்தனை அரசர்கள், எத்தனை வணிகர்கள் கொடுக்க வேண்டும் என்று அச்சுவர்கள் கூறவில்லை. கொடுத்ததற்கு எத்தனை உழக்கு நெய், எத்தனை பேருக்கு அன்னம், எத்தனை நோயாளிக்கு இடம் என்றே கூறின. தர்மத்தை அளித்தவர்களே, பிற்காலத்தில் அதைக் காப்பவர்களுடைய திருவடிகளைத் தம் தலைமேல் வைத்துக் கொள்வதாகச் சாஸன முடிவில் எழுதி வைத்தார்கள். கொடுத்தவன் காப்பவனை வணங்குகிறான் என்றால், காப்பவன் தலையில் எவ்வளவு பெரிய பாரம் ஏற்றப்பட்டிருக்கிறது என்பதை ஊகித்துக் கொள்ளலாம்.

பூமிதானம் தந்த பாடம்

அண்மைக் காலத்தில், தானத்திற்கு மாபெரும் இலக்கு ஒன்று வைக்கப்பட்ட வரலாறு ஆசார்ய விநோபா பாவே அவர்களுடையது. 1951 ஏப்ரல் 18 அன்று தெலங்காணத்தில் போச்சம்பள்ளி என்னும் சிற்றூரில், நிலமற்ற ஹரிஜனக் குடும்பங்கள் தங்களுக்கு 80 ஏக்கர் வேண்டும் என்று அவரிடம் முறையிட்டன. அவர் கூடியிருந்தோரை நோக்கிக் கேட்டார். ராமச்சந்திர ரெட்டி என்னும் நிலக்கிழார் எழுந்து 100 ஏக்கர் தருவதாக அறிவித்தார். கேட்டதற்கு மேல் கிடைத்த அந்தத் தானத்தில் இலக்கும் இல்லை, நிர்ப்பந்தமும் இல்லை. எதிரே நின்றவருடைய பசி கண்ணுக்குத் தெரிந்தது. ஒருவர் உள்ளம் நெகிழ்ந்தது.

அதன்பின் இயக்கம் பெருகியது. நாட்டின் விளைநிலத்தில் ஆறில் ஒரு பங்கு என்று கணக்கிட்டு, 1957க்குள் ஐந்து கோடி ஏக்கர் என்று இலக்கு குறிக்கப்பட்டது. ஐந்து புதல்வர் உள்ளவர் தம்மை ஆறாவது மகனாகக் கருதிப் பங்கு தர வேண்டும் என்று விநோபா ஊர் ஊராக நடந்து கேட்டார். பீஹாருக்கு மட்டும் 32 லட்சம் ஏக்கர் என்று வகுக்கப்பட்டது. அங்கே 20 லட்சத்திற்கு மேல் கிடைத்தது. நாடு முழுவதிலும் சேர்ந்தது 40 லட்சத்திற்குச் சற்று மேல். ஆயுதம் இன்றி, சட்டம் இன்றி, வேண்டுகோள் ஒன்றாலேயே இவ்வளவு நிலம் பெறப்பட்டது வியக்கத்தக்கதே. அதைச் சிறுமைப்படுத்துவது நன்றியின்மை.

ஆயினும் உண்மையையும் மறைத்தல் ஆகாது. வந்த நிலத்தில் பெரும்பகுதி பயிரிடத் தகாததாக இருந்தது. சில இடங்களில் பாறை, சில இடங்களில் ஆற்றுப்படுகை, சில இடங்களில் வழக்கில் சிக்கிய பூமி. தானபத்திரம் எழுதப்பட்டும், அளந்து கல் நட்டு உழுபவன் கையில் ஒப்படைக்கப்படாமல் கிடந்த ஏக்கர்கள் ஏராளம். ஏடுகளில் ஏறிய எண் அறிவிக்கப்பட்ட ஏக்கரின் எண். உழுபவன் ஏர் பூட்டிய ஏக்கரின் எண் அவ்வளவு ஊக்கத்துடன் எண்ணப்படவில்லை. 1956 நவம்பரில் பழனியில் கூடியபோது, காந்தி நினைவு நிதியின் உதவியையும் பூமிதானக் கமிட்டிகளையும் விட்டுவிடுவது என்று முடிவாயிற்று. மக்கள் உள்ளத்தையே நம்ப வேண்டும் என்ற உயர்ந்த நோக்கம் அதில் இருந்தது. ஆனால் நிலத்தை அளப்பதும், பட்டா வாங்கித் தருவதும் உள்ளத்தால் மட்டும் ஆகும் காரியம் அன்று. நிலம் வரும் என்று காத்திருந்த ஏழை, காகிதத்தை வைத்துக்கொண்டு பல ஆண்டுகள் காத்திருந்தான்.

அந்த இயக்கத்திலேயே தொண்டாற்றிய ஜகந்நாதனும் கிருஷ்ணம்மாளும் பின்னர் வேறு வழி கண்டனர். 1968இல் கீழவெண்மணியில் நிகழ்ந்த கொடுமைக்குப்பின் அவர்கள் தஞ்சைப் பகுதியிலேயே பணி செய்தார்கள். 1981இல் கிருஷ்ணம்மாள் உழுபவனின் நில உரிமைக்காக லாஃப்டி என்னும் அமைப்பைத் தொடங்கினார். அரசின் திட்டங்களையும் வங்கிக் கடனையும் துணைகொண்டு நிலத்தை வாங்கி, குடும்பத்திற்கு ஓர் ஏக்கர் என்ற அளவில், பெண்ணின் பெயரிலேயே பதிவு செய்து கொடுக்கும் முறை அங்குக் கையாளப்பட்டது. இங்கேயும் எண் உண்டு. ஆனால் இந்த எண் பெறுகிறவள் வீட்டு வாசலிலிருந்து எண்ணப்பட்ட எண். இத்தொண்டிற்காக 2008இல் தம்பதியர் இருவருக்கும் ரைட் லைவ்லிஹுட் விருது அளிக்கப்பட்டது.

ஸித்தாந்தம்

இனி முடிவு காணலாம். எந்த வைதிக கர்மாவும் ஸங்கல்பம் இன்றித் தொடங்குவதில்லை. ஸங்கல்பத்தில் தேசம், காலம், திதி, வாரம், நக்ஷத்ரம் யாவும் கூறப்படுகின்றன. 108 என்றும் 1008 என்றும் அர்ச்சனைக்கு எண் கூறப்படுகிறது. அளவு குறித்துக் கொள்வது பலனில் ஆசை வைப்பதாகுமாயின் ஸங்கல்பமே தோஷமாகிவிடும். ஸ்ரீவைஷ்ணவ ஸம்ப்ரதாயத்தில் ஸங்கல்பமும் உண்டு, ஸாத்த்விக த்யாகமும் உண்டு. செய்கிறவன் தான் என்ற எண்ணத்தையும், தனது என்ற எண்ணத்தையும், பலன் தனக்கு என்ற எண்ணத்தையும் எம்பெருமானிடம் விட்டு, எண்ணிக்கை குறையாமல் கர்மாவைச் செய்து முடிப்பதே மரபு. ஆகவே இலக்கு குறிப்பது தோஷம் என்ற கூற்று நிலைபெறாது.

ஆயினும் ஒன்று உண்டு. எவரும் தம்முடைய செயலுக்கே ஸங்கல்பம் செய்து கொள்ள முடியும். பிறன் மனத்திற்காக ஸங்கல்பம் செய்ய முடியாது. 300 பேர் கொடுக்க வேண்டும் என்பது அந்த 300 பேருடைய மனத்தைப் பற்றிய ஸங்கல்பம். 300 இல்லங்களுக்கு நேரில் சென்று, சென்ற ஆண்டு நடந்த கைங்கர்யத்தை விளக்கி விண்ணப்பிப்பது என்பது ஸபை தன் செயலைப் பற்றிச் செய்து கொள்ளும் ஸங்கல்பம். இரண்டும் ஒரே எண்தான். தர்மத்தில் வேறுபாடு பெரிது.

அப்படியானால் எத்தனை பேர் கொடுத்தார்கள் என்று எண்ணவே கூடாதோ எனில், எண்ணலாம், எண்ணவும் வேண்டும். வைத்யன் நாடியைப் பிடித்துப் பார்ப்பதுபோல் எண்ண வேண்டும். நாடி நோயின் லக்ஷணத்தைக் காட்டும். இத்தனை முறை துடி என்று அதற்கு எவரும் கட்டளையிடுவதில்லை. சென்ற ஆண்டு உபயம் அளித்த 200 பேரில் 120 பேரே மீண்டும் அளித்தனர் என்று வைத்துக் கொள்வோம். மற்ற 80 பேருக்குப் பக்தி குறைந்துவிட்டது என்று ஸபை கூறுமாயின் அது அபசாரம். அவர்களுக்கு ப்ரஸாதம் போய்ச் சேர்ந்ததா? ரசீது சென்றதா? அவர்கள் குறிப்பிட்ட நாளில் அந்தக் கட்டளை நடந்ததா? நடந்தது என்று ஒரு வரி எழுதப்பட்டதா? அவர்களில் எவரேனும் நோயுற்றோ, துயருற்றோ இருந்தால் ஸபையிலிருந்து ஒருவரேனும் சென்று விசாரித்தாரா? உபயம் கேட்கும்போது மட்டும் வாசலில் நிற்பவரை எந்த இல்லத்தரசியும் மறுமுறை முகமலர்ந்து வரவேற்பதில்லை.

ஆகவே ஸபை தனக்கு வைத்துக்கொள்ளத்தக்க இலக்குகள் சில உள. உபயம் வந்த ஏழு நாட்களுக்குள் ரசீது செல்ல வேண்டும். ஏற்ற கட்டளைகளில் ஒன்றேனும் தவறலாகாது. தவறினால் காரணத்துடன் உபயதாரருக்கு அறிவிக்க வேண்டும். ஆண்டிற்கு ஒருமுறை வரவு செலவு அனைவர் கைக்கும் கிடைக்க வேண்டும். ஐந்து ரூபாய் கொடுத்தவரும் ஐயாயிரம் கொடுத்தவரும் ஒரே ஏட்டில், ஒரே அளவு எழுத்தில் எழுதப்பட வேண்டும். கீரி காட்டிய உண்மை இதுவே. அந்த மாவு ஒரு ப்ரஸ்தம் என்று இதிஹாஸமும் அளவு சொல்லத்தான் சொல்கிறது. அவ்வளவே அவர்களிடம் இருந்தது, அத்தனையும் கொடுத்தார்கள் என்பதைக் காட்டவே அந்த அளவு. தொகையை மட்டும் பார்க்கிற கணக்கு அந்தக் குடும்பத்தைக் காணாது.

குழல்விளக்கு ஒன்றை அளித்து, அதன் மேலேயே உபயதாரர் பெயரைப் பெரிதாக எழுதியதால் வெளிச்சம் பாதியாகக் குறைந்த காட்சி பல திருக்கோயில்களில் உண்டு. அது கொடுத்தவர் குற்றம் மட்டும் அன்று. பெயரைக் காட்டித் தொகையைப் பெற்றால் போதும் என்று எண்ணிய நிர்வாகத்தின் குற்றமும் ஆகும். அங்கே விளக்குகளின் எண்ணிக்கை கூடியது. பெருமாளைச் சேவிக்க வந்தவர் கண்ணுக்கு வெளிச்சம் கூடவில்லை.

முதியவர் அஞ்சியது நியாயமே. தானம் வாணிபம் ஆகலாகாது. இளைஞர் விரும்பியதும் நியாயமே. கைங்கர்யம் சோம்பலால் குன்றலாகாது. இளைஞர் தம் எண்ணைத் தம் உழைப்பின்மேல் வைத்துக் கொள்ளட்டும். முதியவர் அந்த உழைப்பைப் பக்கத்திலிருந்து சரிபார்க்கட்டும். இலக்கு நிறைவேறிய ஆண்டிலும் நிறைவேறாத ஆண்டிலும், ஏற்ற நெய்யின் அளவு குறையாமல் ஸந்நிதியில் விளக்கு எரியட்டும். கொடுக்கும் மனத்தை அருள்பவன் எம்பெருமான். கொடுத்ததற்குக் கணக்குக் காட்ட வேண்டியவர் அடியார்.