ஒன்றும் சார்பும்

"மூலமாகிய ஒன்றின்றி உலகு தோன்றுமோ?" எனக் கோவண்டி அன்பர்கள் எம்மை வினவுவதுண்டு. 3ஆம் நூற்றாண்டில் உரோமில் போதித்த புளோட்டினசு, அவ்வொன்று பெயரும் குணமும் கடந்தது என்றார். ஞாயிற்றினின்று ஒளிபோல, அது குறைவுறாமலே அறிவும், அறிவினின்று ஆன்மாவும், ஈற்றில் சடமும் போந்தனவாம். விரும்பிப் படைக்கும் கடவுளன்று அது. அவ்வளவில் அவர் பெரியவரே. ஆயினும் மேலிருந்து கீழிறங்கும் அப்படிவரிசை, தலையிற் பிறந்தோர் தாளிற் பிறந்தோர் என்னுங் கதையால் நைந்த நமக்கு உறுத்தும். எவ்வான்மாவும் மீண்டு ஏறலாம் என அவர் சொன்னதை மறைத்தலும் முறையன்று.

மணிமேகலையில் அறவணவடிகள் விளக்கும் பன்னிரு சார்பிலோ உச்சியில் அமர்ந்த மூலமில்லை. ஒன்று மற்றொன்றைச் சார்ந்தே எழும், பேதைமை நீங்கின் தொடர் முழுதும் அறும். இந்தியரின் மெய்யறிவைக் கற்கும் வேட்கை புளோட்டினசுக்கும் இருந்தது: 243இல் கோர்டியன் மன்னனின் படையுடன் கிழக்கே புறப்பட்டார்; மன்னன் மடியவே பாதி வழியில் தப்பி மீண்டார்.