லியூயாங் பேசும் மொழி

தொழிலில் நமக்கு எதிராளி யார் என்று சிவகாசியில் யாரைக் கேட்டாலும் யோசிக்காமல் சீனா என்பார்கள். கன்டெய்னரில் கள்ளத்தனமாக வந்திறங்கும் சீனப் பட்டாசைத் தடுக்கச் சொல்லி உற்பத்தியாளர்கள் பல ஆண்டுகளாக மனுக் கொடுத்து வருகிறார்கள். சீன லைட்டரால் தீப்பெட்டி வியாபாரம் படுத்துவிட்டது என்று சாத்தூரும் கோவில்பட்டியும் முறையிட்டதன் பலனாக, 20 ரூபாய்க்குக் குறைந்த லைட்டர்களின் இறக்குமதியை மத்திய அரசு 2023 ஜூனில் தடைசெய்தது. இந்தக் கோரிக்கைகள் நியாயமானவை. ஆனால் இவ்வளவு காலம் நம் பிழைப்போடு மோதிக்கொண்டிருக்கும் ஒரு நாட்டின் மொழி தெரிந்தவர்கள் நம் மாவட்டத்தில் எத்தனை பேர் என்ற கேள்வி மட்டும் எங்கும் எழுவதில்லை. விருதுநகர் மாவட்டத்துப் பிள்ளைகள் சிலராவது ஆண்டுதோறும் கோடைக்கால மொழி வகுப்புக்குத் தைவானுக்கோ சீனாவுக்கோ போய்ச் சீன மொழி படிக்க வேண்டும், அந்தச் செலவைத் தொழில் ஏற்க வேண்டும் என்பது என் கருத்து.

வெளியூர் போய்க் கற்றுவருவது சிவகாசிக்குப் புதிதல்ல. ஊரின் தொழிலே அப்படித்தான் பிறந்தது. மழை பொய்த்த பூமி, விவசாயத்தை நம்ப முடியாத நிலை. 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய், சில மாதங்கள் அங்கேயே தங்கித் தீப்பெட்டி செய்யக் கற்று, திரும்பிவந்து 1923-இல் இங்கே தொழிலைத் தொடங்கினார்கள். இதைப் பெருமையாகச் சொல்லும் நாம் ஒன்றைக் கவனிப்பதில்லை. ஏற்கெனவே அந்தச் சரக்கைச் செய்து விற்றுக்கொண்டிருந்தவர்களிடம்தான், அவர்கள் ஊருக்கே போய், அவர்கள் கைவேலையைப் பார்த்துப் படித்தார்கள். தொழில் தெரிந்தவனிடம் கைகட்டி நிற்பதை இழிவாக நினைத்திருந்தால் இந்த மாவட்டத்துக்கு இன்றைய முகம் இருந்திருக்காது. அவர்கள் கற்றது தொழிலைத்தானே, மொழியை அல்லவே என்று கேட்கலாம். பெட்டியில் குச்சி அடுக்குவதைக் கண்ணால் பார்த்துக் கற்றுவிடலாம். இன்று பட்டாசுத் தொழிலின் அறிவு கண்ணால் பார்க்கும் இடத்தில் இல்லை, காகிதத்தில் இருக்கிறது.

உலகம் கொளுத்தும் பட்டாசில் பெரும்பகுதி சீனாவில் செய்யப்படுகிறது. ஹூனான் மாகாணத்து லியூயாங்கும் லிலிங்கும், பக்கத்து ஜியாங்சியின் ஷாங்லியும் வான்சாயும் அதன் முக்கிய ஊர்கள். பட்டாசின் தரத்துக்கும் பாதுகாப்புக்கும் அங்கே ஜிபி 10631 என்ற தேசியத் தரநிலை இருக்கிறது. ஆலைக் கட்டடங்களின் அமைப்புக்குத் தனித் தரநிலை உண்டு. விதிகளை விடவும் நமக்கு அதிகம் தேவைப்படுவது விபத்து விசாரணைகளில் இருக்கிறது. 2012 செப்டம்பர் 5-ஆம் தேதி சிவகாசி அருகே முதலிப்பட்டிப் பட்டாசு ஆலை விபத்தில் நாற்பது பேர் வரை இறந்தார்கள். அதற்கு முன்னும் பின்னும் நடந்த ஒவ்வொரு விபத்துக்கும் நம் செய்தித்தாள்கள் எழுதுவது, மருந்துக் கலவையின்போது ஏற்பட்ட உராய்வு என்ற ஒரே வரிதான். எந்த மருந்து, எந்த அளவு, மணி மருந்து காயவைத்த மேடையா, அடைக்கும் அறையா, உள் குத்தகைக்கு விட்ட இடமா என்பதெல்லாம் நான்கு நாளில் மறந்துபோகும். லியூயாங்கிலும் இதே வேலை, இதே சாவு. 2019 டிசம்பரில் அங்கே ஓர் ஆலை வெடித்தபோது உள்ளூர் அதிகாரிகள் ஏழு பேர் இறந்ததாகச் சொன்னார்கள். பிறகு நடந்த விசாரணையில் உண்மைக் கணக்கு 13 என்று தெரிந்தது. மறைக்கிற அரசின் அறிக்கையைப் படித்து என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு என் பதில், மறைத்தது எப்படி வெளியே வந்தது என்ற கதையும் சீன மொழியில்தான் இருக்கிறது என்பதே. இன்னொன்றும் உண்டு. டில்லியின் தடைகளும் பேரியத்துக்கு எதிரான 2018-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் நமக்குப் புதிய அடி. பெய்ஜிங்கோ 1993-இலேயே நகருக்குள் பட்டாசைத் தடைசெய்து, 2005-இல் தளர்த்தி, 2022-இல் நகரம் முழுவதும் மறுபடி தடைசெய்தது. தலைநகரின் சந்தை மூடித் திறந்து மூடியபோது லியூயாங் எப்படிப் பிழைத்தது என்பது நமக்கு நேரடியாக உதவும் பாடம்.

இரண்டு மாதத்தில் சீனம் வந்துவிடுமா? வராது. அமெரிக்க வெளியுறவுத் துறை தன் அதிகாரிகளுக்குச் சீனம் கற்பிக்க ஏறக்குறைய 2,200 வகுப்பு மணி நேரம் ஆகும் என்று கணக்கிடுகிறது. ஸ்பானிய மொழிக்கு அதில் மூன்றில் ஒரு பங்கு போதும். நாளுக்கு நான்கு மணி நேரம், எட்டு வாரம் என்றால் 160 மணி நேரம்தான். ஆனாலும் அந்த 160 மணி நேரம் செய்யும் வேலையை வீட்டில் உட்கார்ந்து செய்ய முடியாது. நல்ல கோடைப் பயிற்சிகளில் தாய்மொழியைப் பேசுவதில்லை என்று எழுதிக் கையெழுத்திட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். காலையில் எழுத்துகளைச் சொல்லச் சொல்ல எழுதும் தேர்வு, பிறகு சிறு வகுப்பு, மதியம் ஓர் ஆசிரியரோடு தனியாகப் பேச்சு. நான்கு தொனிகள் தமிழ்க் காதுக்குப் புதியவை. அதைவிடக் கடினம், மூச்சை அழுத்தி விடும் ஒலிக்கும் விடாத ஒலிக்கும் உள்ள வேறுபாடு. நம் எழுத்தில் அது இல்லவே இல்லை. இவை தவறாகப் படிந்துவிட்டால் பின்னால் திருத்துவது பெரும்பாடு. எழுத்திலோ சிவகாசிப் பிள்ளைக்கு ஓர் அனுகூலம் உண்டு. பொட்டாசியம், பேரியம், ஸ்ட்ரான்சியம், அலுமினியம் ஆகிய எல்லாச் சீன எழுத்துகளின் இடப்பக்கத்திலும் உலோகத்துக்கான ஒரே குறி நிற்கிறது. கந்தகத்தில் கல்லின் குறி, குளோரினில் வாயுவின் குறி. எந்த உப்பு பச்சை, எது சிவப்பு என்று சிறு வயதிலேயே தெரிந்தவர்கள் இவற்றைப் பிடித்துக்கொள்வது எளிது. செல்போனே மொழிபெயர்க்கும்போது இந்தப் பாடு எதற்கு என்பார்கள். எழுதிவைத்ததைச் செல்போன் மாற்றித் தரும், உண்மைதான். கலவை அறையில் இருபது வருடம் நின்ற ஒருவர் எழுதாமல் விட்டதை அவரிடம் கேட்டு வாங்க, எதிரே உட்கார்ந்து பேசத் தெரிந்த ஆள் வேண்டும்.

கல்வானில் 2020-இல் நம் வீரர்கள் இறந்த பிறகு சீனம் படிப்பதா என்று கோபப்படுபவர்களை நான் மதிக்கிறேன். அந்த ஆண்டு வந்த தேசியக் கல்விக் கொள்கையும் வரைவில் இருந்த சீன மொழியை இறுதிப் பட்டியலில் சேர்க்கவில்லை. ஆனால் சீன வானொலி தன் தமிழ் ஒலிபரப்பைத் தொடங்கியது 1963-இல், எல்லைப் போர் முடிந்த மறுவருடம். அதில் பேசுவதற்காகச் சீன இளைஞர்கள் தமிழ் படித்தார்கள். கலைமகள் என்று தமிழ்ப் பெயர் வைத்துக்கொண்டவர் நம் வாசகர்கள் பலருக்குத் தெரிந்தவர். நம்மோடு பகை இருந்ததால் அவர்கள் நம் மொழியை விடவில்லை. அரசியல் உறுத்தினால் தைவான் இருக்கிறது. அங்கே பொது மொழி மாண்டரின்தான், இரண்டு மாதப் படிப்புக்கும் உதவித்தொகை தரும் திட்டம் உண்டு, சென்னை ஐஐடியில் அவர்களுடைய கல்வி மையமும் இயங்குகிறது. எழுத்து வடிவம் சற்றுப் பழையது. ஒன்றைக் கற்றவர் மற்றதைப் படிக்கப் பழகிக்கொள்ளலாம்.

யாரை அனுப்புவது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். முதலாளி வீட்டுப் பிள்ளைகள் மட்டும் போனால் அது இறக்குமதி பேரம் பேசுவதோடு நின்றுவிடும். போர்மேன்களின் பிள்ளைகளும், வேதியியல் படித்துவிட்டு ஆலைகளில் பாதுகாப்புப் பொறுப்பில் இருக்கும் இளைஞர்களும் போக வேண்டும். நம் ஆலைகளில் இப்போது வடமாநிலத்தவரும் வேலை செய்கிறார்கள். அறைக்குள் நுழையுமுன் செம்புத் தகட்டைத் தொட வேண்டும், ஓர் அறையில் நான்கு பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்பதைத் தமிழில் மட்டும் சொல்லிவிட்டுக் கடமை முடிந்தது என்று போகும் மேற்பார்வையாளர், ஒருமுறையாவது தனக்குப் புரியாத மொழியில் அறிவிப்புப் பலகையைப் பார்த்து நிற்க வேண்டும். இங்கே ஒரு நடைமுறைச் சிக்கல் இருக்கிறது. கோடை வகுப்புகள் நடக்கும் ஜூன் முதல் ஆகஸ்டு வரைதான் இங்கே தீபாவளிக்கான உற்பத்தியும் உச்சத்தில் இருக்கும்; அந்த நேரத்தில் ஆட்களை விட எந்த நிர்வாகமும் தயங்கும். அதனால் தீபாவளி முடிந்து ஆலைகள் மூடிக் கிடக்கும் வாரங்களில் தொனியையும் முதல் நூறு எழுத்துகளையும் சிவகாசியிலேயே கற்பித்துவிட வேண்டும். இதற்கு ஓர் ஆசிரியரை வரவழைக்கும் செலவு உற்பத்தியாளர் சங்கத்துக்குப் பெரிதல்ல.