கழிவு என்னும் தீர்ப்பு

எழுத்துள்ள காகிதம் காலில் பட்டால் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் வழக்கம் நம்மிடையே உண்டு. அதே காகிதத்தைக் கிழித்து, நீரில் ஊறவைத்து, ஆட்டுரலில் இட்டு அரைப்பவர்களும் நம் வீட்டுப் பெண்களே. முன்னது பக்தி என்றால் பின்னது என்ன? அவமதிப்பா?

ஊறிய காகிதத்தோடு ஊறிய வெந்தயத்தையும் சேர்த்து அரைப்பார்கள். கூழுக்குப் பிடிப்பும் கிடைக்கும், பூச்சியும் அண்டாது. அதைக் கவிழ்த்த பானையின்மேல் அப்பி, வெயிலில் காயவைத்துக் கழற்றினால் கூடை. முன்பு அதில் பருப்பும் மிளகாய் வற்றலும் இருந்தன. இன்று வண்ணம் பூசிக் கூடத்து அலமாரியில் அழகுக்கு வைக்கிறார்கள். தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மையிலும் காகிதக் கூழ் உண்டு. காஷ்மீரத்துப் பூவேலைப் பெட்டிகளும் அந்த இனத்தைச் சேர்ந்தவையே.

தென்காசி மாவட்டத்துக் கடையநல்லூரில் அப்படி ஒரு பெட்டியைப் பார்த்தேன். அது நெசவுக்குப் பேர்போன ஊர். சிங்கப்பூருக்குப் பிழைக்கப் போனவர்கள் அங்கே ஏராளம். அதனால் கடிதங்களுக்கும் குறைவில்லை. பெட்டியைச் செய்த மூதாட்டி மறுபடியும் கூழுக்குக் காகிதம் பிரித்துக்கொண்டிருந்தார். அரபு எழுத்துள்ளவை ஒரு பக்கம், கடிதங்கள் ஒரு பக்கம், மற்றவையே தண்ணீருக்குள்.

“எழுத்தைக் கரைக்க மனம் வருகிறதா, அம்மா?” என்று கேட்டேன்.

“பாக்காம கரைச்சாத்தான் பாவம்” என்றார். பிறகு அந்தப் பெட்டியைத் திறந்து காட்டினார். உள்ளே, கணவர் சிங்கப்பூரிலிருந்து எழுதிய கடிதங்கள்.

அதே மாவட்டத்தில்தான் கரிவலம்வந்தநல்லூரும் இருக்கிறது. பாண்டிய மன்னர் ஒருவருக்குரிய ஏட்டுச் சுவடிகளைத் தேடி அந்த ஊருக்குப் போனார் உ. வே. சாமிநாதையர் (1855–1942). பழுதுபட்ட ஏடுகளை நெய்யில் தோய்த்து ஹோமத் தீயில் இட்டுவிட்டார்கள் என்ற செய்திதான் அவருக்குக் கிடைத்தது. சாஸ்திரப்படி செய்ததாகச் சொன்னார்கள். ஆடிப் பெருக்கில் ஆற்றோடு விடப்பட்ட சுவடிகளுக்கோ கணக்கில்லை. இவற்றைச் செய்தவர்கள் எழுத்தை இகழ்ந்தவர்கள் அல்லர், வணங்கியவர்கள். வணங்கினார்கள், ஆனால் பிரித்துப் பார்க்கவில்லை.

பரணில் மூட்டையாகக் கட்டிவைத்துக் கறையானுக்கு விடுகிறோமே, அதுவும் மரியாதையாகாது. கழிவு என்பது பொருளின் குணமன்று. அதன்மீது நாம் சொல்லும் தீர்ப்பு. தீர்ப்புச் சொல்பவர் முதலில் வழக்கைக் கேட்க வேண்டாமா? கேட்டறிந்து கரைப்பதில் குற்றம் இல்லை. கேளாமல் காப்பாற்றுவதிலும் புண்ணியம் இல்லை. அழகுப் பொருள் செய்வதற்கென்றே புதுத் தாளை வாங்கிக் கிழிப்பவர்களைப்பற்றியோ சொல்லவே வேண்டியதில்லை.

என் கதைகள் வெளியான பத்திரிகைகளும் ஒருநாள் யார் வீட்டுத் தொட்டியிலாவது ஊறத்தான் போகின்றன. அதில் எனக்கு வருத்தம் இல்லை. ஊறவைப்பவர் அதற்குமுன் ஒருமுறை படித்துவிட்டால் போதும்.