சீலோவாம் கோபுரமும் நமது தீர்ப்பும்



ஊரில் ஓர் அகாலச் சாவு நேர்ந்துவிட்டால், துக்க வீட்டுத் திண்ணையில் நாலு பேர் கூடிப் பேசுவதைக் கேட்டிருப்பீர்கள். “என்ன பாவம் செய்தார்களோ, சர்வேசுரன் சும்மா விடுவாரா?” என்று ஒருவர் தொடங்குவார். மற்றொருவர் அந்த வீட்டாரின் பழைய சங்கதி ஒன்றை எடுத்து விடுவார். பிரேதம் கல்லறைக்குப் போகுமுன்னே வழக்கு முடிந்து தீர்ப்பும் ஆகிவிடும். கேட்பதற்குத் தெய்வ பயமுள்ள பேச்சுப் போலத்தான் இருக்கிறது.

நம் ஆண்டவரிடமும் சிலர் இப்படி ஒரு செய்தியோடு வந்தார்கள். பலி செலுத்திக்கொண்டிருந்த கலிலேயரைப் பிலாத்து வெட்டுவித்த செய்தி அது. அர்ச். லூக்காஸ் சுவிசேஷம் 13-ம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். வந்தவர்கள் கேளாத இன்னொன்றையும் ஆண்டவர் தாமே சேர்த்துக்கொள்கிறார்: சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் மாண்ட சம்பவம். அவர்கள் யெருசலேமில் குடியிருந்த மற்றெல்லாரையும்விடப் பெரிய குற்றவாளிகளா? இல்லையென்று அவரே பதிலும் சொல்லுகிறார். அத்தோடு நிறுத்தியிருந்தால் நமக்குச் சுகமாயிருக்கும். ஆனால் மனந்திரும்பாவிட்டால் உங்கள் முடிவும் அப்படித்தான் என்று, கேட்க வந்தவர்களையே எச்சரித்து அனுப்புகிறார். ஆக, தேவ நீதி இல்லையென்று அவர் சொல்லவில்லை. மரித்தவனுடைய கணக்கைப் புரட்ட உனக்கு அதிகாரமில்லை, உன் கணக்கைப் பார் என்கிறார்.

இந்தப் போதனையை நல்லவர்களும் மறந்துவிடுவதுண்டு. 1755-ம் ஆண்டு நவம்பர் 1-ந் தேதி, சகல அர்ச்சியசிஷ்டவர்கள் திருநாளன்று, போர்த்துக்கல் தலைநகராகிய லிஸ்பனில் காலைப் பூசைக்குச் சனங்கள் கோவில்களில் நிறைந்திருந்த வேளையில் பூமி அதிர்ந்தது. கோவில்கள் அவர்கள்மேல் இடிந்து விழுந்தன. ஆற்றங்கரைக்கு ஓடினவர்களைக் கடல் பொங்கி வந்து வாரிக்கொண்டது. மீந்ததை நெருப்பு நாட்கணக்காய்த் தின்றது. மாண்டவர்கள் பல்லாயிரம். கூரையிழந்த கார்மேல் மடத்துக் கோவில் இன்றும் அங்கே அப்படியே நிற்கிறது.

அப்போது மலாகிரிதா என்ற சேசுசபைக் குரு, பிரேசிலில் வெகுகாலம் வேதம் போதித்தவர், 1756-ல் ஒரு சிறு புத்தகம் வெளியிட்டார். பூகம்பத்துக்குக் காரணம் இயற்கையல்ல, லிஸ்பன் நகரத்தாரின் பாவங்களே என்று எழுதினார். தவம் செய்வதை விட்டுக் குடிசை கட்டுவதில் முனைந்திருக்கிறார்களே என்றும் கடிந்துகொண்டார். (நவம்பர்க் குளிரில் குழந்தைகளோடு வெளியில் கிடப்பவன் முதலில் கூரை தேடுவது பாவமா என்ன?) மந்திரி பொம்பால் அவரை நகரை விட்டு அகற்றினார், பிறகு 1761-ல் வேறு குற்றங்கள் சாட்டி அவரைக் கொன்றுபோட்டார்கள். அது கொடிய அநீதி. தவத்துக்கு அழைத்ததிலும் அவர்மேல் தப்பில்லை. அழைக்க வேண்டியது குருவின் கடமையே. ஆனால் அவர் சர்வேசுரனுடைய தீர்வைப் புத்தகத்தைத் திறந்து பார்த்தவரைப் போலப் பேசினார். பூசை காணப் போய்க் கோவிலுக்குள்ளேயே மடிந்தவர்களைப்பற்றி அவர் என்ன சொல்ல முடியும்?

அவ்வளவு தூரம் போவானேன்? 2004 டிசம்பர் 26-ந் தேதி, கிறிஸ்து பிறப்புக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, நாகப்பட்டினம் மாவட்டத்தில் மாத்திரம் 6,000-க்கு மேற்பட்டோரைக் கடல் கொண்டுபோயிற்று. வேளாங்கண்ணிக் கரையில் நின்ற யாத்திரீகர்களும் அவர்களில் உண்டு. கோவிலுக்குள் தண்ணீர் ஏறவில்லை என்று பலர் சொல்லிச் சொல்லித் தேவதாயாரைப் புகழ்கிறார்கள். தப்பினவன் நன்றி சொல்லட்டும், சொல்லத்தான் வேண்டும். ஆனால் அதே தாயைத் தேடி வந்து, அதே கோவிலுக்குக் கூப்பிடு தூரத்தில் பிள்ளையைப் பறிகொடுத்தவளும் அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள். நம் புகழ்ச்சி அவள் காதில் குற்றச்சாட்டாய் விழாதபடி பேசத் தெரிய வேண்டும். பூமிக்கடியில் பாறைத் தட்டு நகர்ந்ததால் கடல் எழும்பிற்று என்று நமக்கு இன்று தெரியும். அதை அறிந்ததால் சர்வேசுரனுடைய ஆளுகை குறைந்துபோகவில்லை; அவர் ஏன் அனுமதித்தார் என்பது விளங்கிவிடவும் இல்லை.

அப்படியானால் பயப்பட வேண்டாமா? வேண்டும். இஸ்பிரீத்துசாந்துவின் ஏழு வரங்களில் தெய்வ பயமும் ஒன்று. ஆனால் அடிக்கு அஞ்சும் அடிமையின் பயம் வேறு, தகப்பன் மனம் நோகுமே என்று அஞ்சும் பிள்ளையின் பயம் வேறு. அடிமைக்குப் பக்கத்திலிருப்பவன் அடிபட்டால் உள்ளூர ஒரு நிம்மதி உண்டு. பிள்ளைக்கு அது இருக்க முடியாது. அடிபடுகிறவன் அதற்குச் சகோதரனாயிற்றே. அபிரகாமைப் பாருங்கள். சோதோம் அழியப் போகிறதென்று சர்வேசுரனே அவருக்குத் தெரிவித்தார். அந்த ஊரின் அக்கிரமம் அவருக்குத் தெரியாததல்ல. இருந்தும், 50 நீதிமான்கள் இருந்தால் என்று தொடங்கி, 45, 40, 30, 20 என்று இறங்கி, 10 வரைக்கும் அவர்களுக்காக மன்றாடினார். தூளும் சாம்பலுமானவன் என்று தம்மைச் சொல்லிக்கொண்டே மன்றாடினார் என்பதைக் கவனியுங்கள். பயமும் துணிவும் ஒரே நெஞ்சில்.

யோபுவின் சிநேகிதர்கள் 7 பகலும் 7 இரவும் அவரோடு தரையில் வாய் திறவாமல் உட்கார்ந்திருந்தார்கள். அது மட்டும் அவர்கள் நன்றாய்ச் செய்தார்கள். அப்புறம் காரணம் சொல்லத் தொடங்கினார்கள். முடிவில் ஆண்டவருடைய கோபம் அவர்கள்மேல்தான் வந்தது. ஆகையால் இழவு வீட்டுக்குப் போகிறவர்கள் ஒரு பாத்திரம் கஞ்சி கொண்டுபோங்கள், அங்கே அடுப்பு எரியாது. மரித்தவருக்காக ஐம்பத்துமூன்று மணிச் செபம் சொல்லுங்கள். அவரவர் கணக்கைப் பார்க்க விரும்புவோருக்குச் சனிக்கிழமை மாலை 5 மணி முதல் பாவசங்கீர்த்தனம் கேட்கப்படும்.