யாருக்குத் தகுந்த பூமி

மூச்சு விட முடிகிறதே, அதற்கே கும்பிட வேண்டும் என்பாள் அம்மா. யாரை என்று நான் கேட்டதில்லை. பூமி உயிருக்குத் தகுந்ததாக அமைந்தது தற்செயலா, திட்டமா, நியதியா என்ற பழைய விசாரம் அந்த வாக்கியத்துக்குள் இருக்கிறது.

லாரன்ஸ் ஹெண்டர்சன் 1913இல் எழுதிய புத்தகத்தில் நீரையும் கார்பனையும் கண்டு வியந்தார். நீர் உறைந்தால் மிதக்கிறது. ஏரி அடிவரை கட்டியாகாமல் மீன் பிழைக்கிறது. யாரோ யோசித்துச் செய்ததுபோலத்தான் படுகிறது. ஆனால் அதே விதிகள்தாம் வெள்ளியிலும். அங்கே தரையில் சுமார் 460 டிகிரி. நியதி என்பவர்கள் இதற்குப் பதில் சொல்லட்டும்.

பிராணவாயு விஷயம் வேறு. ஆதியில் காற்றில் அது அநேகமாக இல்லை. சுமார் 240 கோடி வருஷங்களுக்கு முன், நுண்ணுயிர்கள் வெயிலில் உணவு தயாரித்துக் கழித்தது காற்றில் தேங்க ஆரம்பித்தது. அதுவரை பூமி எவற்றுக்குத் தகுந்ததாக இருந்ததோ அவற்றில் பலவற்றுக்கு அது விஷம். எஞ்சியவற்றின் வாரிசுகள் இன்று சேற்றிலும் நம் குடலிலும் காற்றுக்குப் பயந்து ஒளிந்து வாழ்கின்றன. அவற்றைக் கேட்டால், பூமி கெட்டுப்போய் வெகுகாலமாயிற்று என்று சொல்லும். திட்டம் என்பவர்கள் இதையும் திட்டத்தில் சேர்க்கிறார்களா?

பார்ப்பவன் தான் இருக்க முடிகிற இடத்திலிருந்துதான் பார்க்க முடியும் என்பது பிராண்டன் கார்ட்டர் 1973இல் முன்வைத்த வாதம். சரி. ஆனால் தற்செயல் என்று தீர்மானிக்கவும் நம்மிடம் கணக்கில்லை. உயிருள்ளதாகத் தெரிந்த கிரகம் ஒன்றே. ஒரே வரவு எழுதிய பேரேட்டை வைத்துக்கொண்டு எங்கள் வங்கியில் எந்தக் குமாஸ்தாவும் சராசரி சொல்லமாட்டான்.

அம்மா இன்னும் கும்பிடுகிறாள். பக்கத்தில் நிற்கிறேன். கைகள் சேரும்போது, சேற்றுக்குள் போனவை நினைவுக்கு வந்துவிடுகின்றன.