தவிசில் இருந்தவர்

2012 ஒக்டோபர் 1ஆம் திகதி திருகோணமலையில் கூடிய கிழக்கு மாகாண சபை, ஆரியவதி கலப்பத்தியை ஏகமனதாகத் தன் தவிசாளராகத் தெரிவு செய்தது. அந்தச் சபையில் 37 உறுப்பினர்கள். ஐக்கிய மக்கள் சுதந்திரக் கூட்டமைப்புக்கு 14 ஆசனங்கள், தமிழ்த் தேசியக் கூட்டமைப்புக்கு 11, முஸ்லிம் காங்கிரசுக்கு 7, ஐக்கிய தேசியக் கட்சிக்கு 4, மிச்சம் ஒன்று. தனித்து ஆள யாருக்கும் பலமில்லை. முதலமைச்சர் யார், அமைச்சர் யார் என்று அதற்கு முன்பே பேரம் நடந்து முடிந்திருந்தது. ஆனால் திருமலை மாவட்டத்துச் சிங்களப் பெண்ணொருவர் தவிசில் அமர்வதை அன்று எவரும் எதிர்க்கவில்லை.

தவிசாளரின் வேலையை நாம் சரியாக மதிப்பதில்லை. மேடையில் முழங்குகிறவரின் பெயர் பத்திரிகையில் வருகிறது. அவருக்கு நேரம் ஒதுக்கி, குறுக்கே கத்துகிறவரை அமரச் சொல்லி, தன் கட்சிக்காரர் வரம்பு மீறினாலும் அதே குரலில் அடக்குகிறவரை யார் நினைக்கிறார்கள்? தனக்குப் பிடிக்காத பேச்சை இறுதிவரை கேட்டிருப்பது பெரிய ஒழுக்கம். வீட்டிலும் அது கடினம். முப்பது வருடப் போர் முடிந்து மூன்றே வருடமான ஒரு மாகாணத்தில், மூன்று சமூகங்களின் காயங்களும் ஒரே மண்டபத்தில் பேசப்படும்போது அது எவ்வளவு கடினம் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். பெண் என்பதால் கலப்பத்திக்கு அது இயல்பாக வந்தது என்று எழுத எனக்கு மனமில்லை. பொறுமையைப் பெண்ணின் தலையில் மட்டும் கட்டிவிட்டு ஆண்கள் தப்பிக்கும் வழி அது.

2015இல் ஆட்சி மாறியது. ஹாபிஸ் நசீர் அஹமட் முதலமைச்சரானார், தமிழ்த் தேசியக் கூட்டமைப்பும் ஆட்சியில் சேர்ந்தது. கலப்பத்தி வீதி அபிவிருத்தி அமைச்சரானார். கேட்கும் இடத்தில் இருந்தவர் பதில் சொல்லும் இடத்துக்கு வந்தார்.

திருமலையில் வீதி என்றால் வெறும் தார் இல்லை. துறைமுகம் நிலத்தைக் குடைந்துகொண்டு போவதால், கிண்ணியாவுக்கும் மூதூருக்கும் போகிறவர்கள் தலைமுறை தலைமுறையாகத் தண்ணீரைக் கடந்தார்கள். ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றும் மிதவைக்கு எங்கள் பக்கத்தில் 'பாதை' என்றே பெயர். 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்தபோது ஒரு காலம் முடிந்தது என்று நினைத்தோம். முடியவில்லை. 2021 நவம்பர் 23 காலை, கிண்ணியாவின் குறிஞ்சாக்கேணியில் புதிய பாலவேலை நடந்துகொண்டிருக்க, மக்கள் ஏறிப்போன பாதை கவிழ்ந்தது. அன்றே ஆறு உயிர்கள் போயின. பாடசாலைக்குப் புறப்பட்ட பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். அந்தப் பிள்ளைகளின் தாய்மார் சார்பில் எழுந்து நின்று கேள்வி கேட்க அப்போது மாகாண சபையே இல்லை. அதன் காலம் 2017 செப்டெம்பர் 30இல் முடிந்து நான்கு வருடங்கள் கடந்திருந்தன.

சபைக்கு அதிகாரம் குறைவு, ஆளுநரின் கை நீளம், பணம் கொழும்பில் இருக்கிறது என்பார்கள். எல்லாம் உண்மைதான். ஆனாலும் கிண்ணியா முஸ்லிமும் சம்பூர்த் தமிழரும் சேருவிலைச் சிங்களவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேசிய இடம் அது. எந்தச் சமூகமும் சனத்தொகையில் பாதியைத் தொடாத மாவட்டத்தில் அப்படியொரு இடத்தைப் பூட்டி வைப்பது, பேச்சையே பூட்டி வைப்பதற்குச் சமம்.

பூட்டிய விதமும் வேதனைக்குரியது. பெண் வேட்பாளர்களைக் கூட்டப்போவதாகச் சொல்லி 2017இல் தேர்தல் சட்டத்தைத் திருத்தினார்கள். அடுத்த வருடம், அந்தத் திருத்தம் கொண்டுவந்த புதிய தேர்தல் முறைக்கு வேண்டிய எல்லை நிர்ணய அறிக்கையைப் பாராளுமன்றமே நிராகரித்தது. பழைய முறையும் போய், புதிய முறையும் வராமல், தேர்தல் நடுவழியில் நின்றது. பெண்களுக்கென்று கொண்டுவந்த திருத்தத்தோடு சபைக்கான வாசலும் அடைபட்டது.

எந்தத் தேர்தலுக்காக எவர் உங்கள் வீட்டுப் படலையைத் திறந்து வந்தாலும் அவரிடம் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். மாகாண சபைத் தேர்தல் எப்போது? உங்கள் பட்டியலில் எங்கள் ஊர்ப் பெண்கள் எத்தனை பேர்?